ரொறன்ரோவில் ஆறு கிழமை டொக்டர்

ரொறன்ரோ விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய குடிவரவு அதிகாரி, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஹங்கேரியில் மிருக வைத்தியம், நாலாம் வருடம், ஆறு கிழமைச் செய்முறைப் பயிற்சிக்காக வந்திருக்கிறேன் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். அடுத்த மூன்று கேள்விகளும் அவருடைய நாயின் இடது காதைப் பற்றியவை.

"அடிக்கடி தலையை ஆட்டுகிறதா?" என்று கேட்டேன்.

"இப்படி ஆட்டுகிறது" என்று அவர் தன் தலையைச் சாய்த்து ஆட்டிக் காட்டினார். எனக்குப் பின்னால் நின்ற தமிழ்க் குடும்பம் ஒன்று, அது ஏதோ புதிய குடிவரவுச் சட்டம் என்று நினைத்துப் பயந்துபோனது. முத்திரை விழுந்தது. வியன்னாவில் ரயிலிலிருந்து இறக்கி இரண்டு மணித்தியாலம் நிற்கவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கப்பட்ட அதே இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு நாயின் காது வலியால் வந்த மரியாதை.

வெளியே பெரியம்மாவின் மகள் மலர் அக்காவும் குகன் அத்தானும் நின்றார்கள். அக்காவை நான் பார்த்து எட்டு வருடம். கட்டிப்பிடித்து அழுதாள். கார் பெருந்தெருவில் ஏறியதும் கண்ணைத் துடைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"வதனி, இஞ்ச ஆரும் கேட்டா டொக்டருக்குப் படிக்கிறன் எண்டு சொல்லு. அதோட நிப்பாட்டு."

"அது பொய்யெல்லே அக்கா?"

"அதில எந்தச் சொல்லு பொய்? டொக்டருக்குத்தானே படிக்கிறாய்? என்ன டொக்டர் எண்டு நீயா வாயைத் திறக்காதை."

"கேட்டினமெண்டா?" என்றார் அத்தான், கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல்.

"கேட்கமாட்டினம். எங்கட சனம் டொக்டர் எண்ட சொல்லைக் கேட்டவுடன அதோட நிண்டிடும்."

ஆறு கிழமையில் அக்கா சொன்னவற்றில் முழுக்கச் சரியாக இருந்தது இதுதான்.

அவர்களுடைய வீடு டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடி. இரண்டு லிஃப்ற், ஒன்று வேலை செய்யும், மற்றதில் 'திருத்தப்படுகிறது' என்ற அறிவிப்பு வேலை செய்யும். கதவு திறந்த மாடிகளில் எல்லாம் கறி மணம் உள்ளே வந்து ஏறிக்கொண்டது. அன்றைக்குச் சாப்பாடு புட்டும் இறால் குழம்பும். நாலு வருடமாக முட்டைக்கோவாவும் புளித்த பாலாடையும், சிவப்பு நிறத்தைக் காட்டி உறைப்பில்லாமல் ஏமாற்றும் மிளகாய்த்தூளும் சாப்பிட்டவளுக்கு, முதல் வாயிலேயே கண்ணீர் வந்தது. ஊர் நினைவு என்று அக்கா நினைத்தாள். உண்மையில் உறைப்பு.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. கிளினிக் வெக்ஸ்போர்ட்டில், ஒரு கபாப் கடைக்கும் லோண்டிரிக்கும் நடுவில். லோரன்ஸ் வீதி பஸ்ஸில் மேற்கே போகவேண்டும் என்று அத்தான் படம் கீறித் தந்திருந்தார். நான் வீதியின் மற்றப் பக்கத்தில் நின்று, கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறி, நல்ல இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் நாற்பது நிமிடம் போனேன். கடைகள் குறைந்து மரங்கள் கூடின. எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"கடைசித் தரிப்பு" என்றார் சாரதி. "இதற்கு அங்கால் ஏரி. நீந்துவாய் என்றால் அமெரிக்கா."

பிந்திப்போன என்னை டொக்டர் மார்கரட் ஏசவில்லை. அறுபது வயது, நெடிய உருவம், தோளில் எப்போதும் யாருடையவோ ரோமம். அவர் கேட்ட முதல் கேள்வி: "பூனைக்கு நகம் வெட்டியிருக்கிறாயா?"

இல்லை. நான் வெட்டியதில்லை. மைனஸ் பன்னிரண்டு பாகைக் குளிரில், தோள்வரை கையை மாட்டுக்குள் விட்டுக்கொண்டு, பேராசிரியர் லத்தீனில் கேட்ட கேள்விகளுக்கு ஹங்கேரிய மொழியில் பதில் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருந்த கை மட்டும்தான் உடம்பில் சூடாக இருந்தது. கன்று இழுத்திருக்கிறேன். பன்றி துரத்தி வேலி பாய்ந்திருக்கிறேன். ஆனால் நாலு கிலோப் பூனையின் கையைப் பிடித்து நகம் வெட்ட யாரும் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு என் இரண்டு கையிலும் அது எழுதிவிட்ட கோடுகளைப் பார்த்து வரவேற்பில் இருந்த பெண், "பூனையை விடு, உனக்கு ஊசி போட்டிருக்கிறதா?" என்று கேட்டாள்.

இங்கே நோயாளிகளுக்குக் குடும்பப் பெயர் இருந்தது. அட்டையில் நாயின் பெயருக்குப் பின்னால் வீட்டுக்காரரின் பெயரை எழுதுவார்கள். கொண்டுவருபவர் 'அம்மா' அல்லது 'அப்பா'. மழைக்கோட்டுப் போட்ட நாயொன்று, ஈரலில் செய்த பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டு வயிற்றோட்டத்தோடு வந்தது. அதன் அம்மா அழுதுகொண்டே, "நேற்று அவனுக்கு மூன்று வயதாகிவிட்டது" என்றார். ஊரில் எங்கள் வீட்டு நாய் வீமன் பதினாலு வருடம் இருந்தான். அவனுடைய வயதை நாங்கள் கணக்கிட்டதே அவன் செத்தபிறகுதான்.

மாலையில் திரும்பும்போது பஸ் நிறைந்து வழியும். ஆனாலும் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும். மூன்று நாள் இதைக் கவனித்து, கனடாவிலும் நிறவெறி இருக்கிறது என்று முடிவுசெய்து, புடாபெஸ்டில் இருந்த அறைத்தோழிக்கு நீண்ட கடிதமும் எழுதினேன். நாலாம் நாள் ஒரு சீன மூதாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூக்கைச் சுருக்கி, எழும்பிப் போகுமுன் அன்பாகச் சொன்னார்: "மகளே, உன் பையில் ஆண் பூனை மூத்திரம் பெய்திருக்கிறது."

அந்தக் கிளினிக்கில் எனக்குப் பிடித்த நோயாளி டியூக். செம்மஞ்சள் நிறம், எட்டுக் கிலோ, சலரோகம். அதை வளர்த்தவர் ஃபிராங்க், ஓய்வுபெற்ற சுரங்க ரயில் சாரதி. காலையும் மாலையும் ஏழு மணிக்குத் தன் கையாலேயே பூனைக்கு இன்சுலின் போடுவார். ஒரு கொப்பி வைத்திருந்தார். குடித்த தண்ணீர் எவ்வளவு, எத்தனை தரம் பெய்தது, என்ன நிறம், மனநிலை எப்படி என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரு வியாழக்கிழமைக்கு நேரே, 'டியூக் இன்று யோசனையாக இருந்தான்' என்று எழுதியிருந்தார்.

"எதைப் பற்றி?" என்று கேட்டேன்.

"சொல்லமாட்டான். அவன் அப்படித்தான்" என்றார்.

இரண்டாம் கிழமை தொடங்கியபோது எனக்கு இரண்டு கிளினிக் ஆகிவிட்டது. பகலில் வெக்ஸ்போர்ட்டில் நாலு கால். மாலையில் டோர்செட் பார்க்கில் இரண்டு கால். 'மலரின்ர தங்கச்சி டொக்டர், யூரோப்பில இருந்து வந்து நிக்கிறா' என்ற செய்தி லிஃப்ற்றைவிட வேகமாக மாடிகளில் ஏறி இறங்கியிருந்தது. அக்கா சோபாவுக்குப் புது விரிப்புப் போட்டாள். வருபவர்களுக்குத் தேத்தண்ணீரும் பற்றீசும் வந்தன. முழங்கால் வந்தது, முதுகு வந்தது, வாய்வு வந்தது.

மிருக வைத்தியத்தில் நோயாளி வாய் திறக்காது. அதனால் பார், தொடு, மண என்றுதான் எங்களைப் பழக்கினார்கள். இங்கே நோயாளி வாயே மூடவில்லை. நாலாம் மாடி புவனம் அன்ரி தன் தலைச்சுற்றைச் சொல்ல, தொண்ணூறாம் ஆண்டு கொழும்பில் லொட்ஜில் இருந்ததிலிருந்து தொடங்கினார். நான் ஒன்றும் தெரியாதவளாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: உங்கள் குடும்ப டொக்டரிடம் போங்கள். புவனம் அன்ரிக்கு மட்டும், வெயில் காலம், தண்ணீரைக் கூடக் குடியுங்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

"நல்ல டொக்டர்" என்றார் அவர் கதவடியில் அக்காவிடம். "மருந்தே எழுதேல்லைப் பாருங்கோ. கெட்டிக்காரர் எழுதமாட்டினம்."

அன்றிரவு சாப்பிடும்போது, எனக்கு இது சரியாகப் படவில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"நீ என்ன ஊசியே போட்டனி? டொக்டரிட்டப் போகச் சொல்லித்தானே விடுறாய்?" என்றாள். "இந்தக் கட்டிடத்தில ஏழு வருசமா இருக்கிறன் வதனி. இப்பதான் என்னைக் கண்டா சனம் லிஃப்ற்றைப் பிடிச்சு வைக்குது."

பொன்னம்பலம் அங்கிள் வந்தது அதற்கு அடுத்த நாள். ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடும் மருமகளோடும் ஒன்பதாம் மாடியில் இருந்தார். வெயிலிலும் நீளக் காற்சட்டை, சட்டைப்பையில் பேனை, கால் நிறையச் சப்பாத்து. மகன் குடும்பம் வேலைக்குப் போனதும் டோனட் கடைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு மேசையில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் இரண்டு பாலாடை, இரண்டு சீனி போட்ட கோப்பியோடு உட்கார்ந்து இலங்கைப் பிரச்சினையைத் தீர்ப்பார்கள். அது தீராததால் இன்னொரு டோனட் எடுப்பார்கள்.

"பிள்ளை, உது சின்னச் சப்பாத்துக்கடி" என்றார். "நல்ல ஒயின்மென்ற் ஒண்டு சொல்லும், காணும்."

"சீனி வருத்தம் இருக்கோ அங்கிள்?"

"கொஞ்சம் இருக்கெண்டு சொல்லுவினம்."

"எவ்வளவு இருக்கும்?"

"உதெல்லாம் ஆர் பிள்ளை எழுதி வைக்கிறது?"

எனக்கு ஃபிராங்கின் கொப்பி நினைவில் வந்து போனது. சப்பாத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். இத்தனை பேருக்கு நடுவிலோ என்று மறுத்துவிட்டார். குடும்ப டொக்டரிடம் நாளைக்கே போங்கள் அங்கிள், சீனி உள்ளவர்கள் கால் காயத்தை வைத்திருக்கக் கூடாது என்றேன். ஓம், ஓம், நாளைக்கே என்று பற்றீசை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, பால் வாங்கிக்கொண்டு லிஃப்ற்றில் ஏறினேன். உள்ளே அங்கிள் நின்றார். கதவு மூடியது. மூன்றாம் மாடி தாண்டுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

ஹங்கேரியில் ஒரு மாட்டுப் பண்ணையில் எங்கள் பேராசிரியர் வகுப்பையே கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லியிருந்தார். குளம்பு அழுகிய மாட்டை மணத்தால் கண்டுபிடிக்கவேண்டும். ஒருதரம் பிடிபட்டால் அந்த மணம் மூக்கைவிட்டுப் போகாது. அதே மணம்தான் இப்போது பொன்னம்பலம் அங்கிளின் சப்பாத்திலிருந்து, பூசிய பவுடருக்கு மேலால் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் மாடியில் அவரை இறங்கவிடாமல் மேலே கூட்டிவந்துவிட்டேன். வீட்டில் அக்கா, அத்தான், தலைச்சுற்று நின்றதற்கு நன்றி சொல்ல வந்திருந்த புவனம் அன்ரி. அங்கிள் சோபாவில் இருந்தார். இந்தமுறை நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை விரலோடு ஒட்டியிருந்தது. மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார். அதற்குக் கீழே சின்னவிரலும் அடுத்ததும் கறுத்திருந்தன. சிவப்பு கணுக்காலை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது. நான் தொட்டபோது அவருக்கு நோகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"டொக்டரிட்டப் போனீங்களோ அங்கிள்?"

"அவன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவான் பிள்ளை. போன மாரிக்கு எங்கட கந்தசாமி ரெண்டு காலோட உள்ள போய் ஒரு காலோட வந்தவர். நான் போகமாட்டன். நீர் ஒரு தமிழ் டொக்டர், யூரோப்பில படிச்சனீர். உமக்குத் தெரிஞ்ச மருந்தைத் தாரும். நான் உம்மை நம்பி இருக்கிறன்."

என்னை நம்பி! அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு நான் ஒரு காரணமாக இருந்திருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மன்றாட்டு இருந்தது.

"அங்கிள், நான் மாட்டு டொக்டர்" என்றேன்.

"என்ன?"

"மிருக வைத்தியம் படிக்கிறன். மாடு, பண்டி, நாய், பூனை. மனுசருக்கு மருந்து தர எனக்குத் தெரியாது. ஆனா மாட்டுக்குக் கால் இப்பிடியிருந்தா அது எவ்வளவு நாள் நிக்குமெண்டு தெரியும். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி முழுக் காலும் போயிடும்."

புவனம் அன்ரி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தார். அங்கிள் எழும்பினார். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் ஒன்றுமில்லை. முகம் சிவந்துவிட்டது.

"முப்பத்தொரு வருசம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், மாட்டு வைத்தியரிட்டக் காலை நீட்டியிருக்கிறன்! குகன், காரை எடும்! ஒரு உண்மையான டொக்டரிட்டக் காட்டி, இந்தப் பிள்ளை சொன்னது பிழை எண்டு எழுத்தில வாங்காமல் விடமாட்டன்!"

அத்தான் சாவியை எடுக்க ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. நானும் கேட்காமலே பின் இருக்கையில் ஏறிவிட்டேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பெயரைப் பதிந்து இருக்கச் சொன்னார்கள். முந்தின நாள்தான் கிளினிக்கில் காலுறை விழுங்கிய நாயொன்று ஐந்து நிமிடத்தில் மேசைக்கு ஏறியிருந்தது. தபாலதிபர் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அத்தான் வேலைக்குப் போய்விட்டார். அங்கிள் எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு கதிரை இடைவெளி விட்டு, பழைய மீன்பிடி சஞ்சிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒரு மணியளவில் சஞ்சிகை நடுங்கத் தொடங்கியது. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. தட்டிவிடக்கூட அவருக்குப் பலமில்லை.

தாதியிடம் ஓடினேன். "வரிசை இருக்கிறது" என்றார். "நீ யார், மகளா?"

"அயல்வீடு."

"டொக்டரா?"

அந்தச் சொல்லை யாராவது எனக்குக் கடன் தந்திருக்கக் கூடாதா என்று அப்போதுதான் முதல்முறையாக ஆசைப்பட்டேன். "இல்லை. மிருக வைத்திய மாணவி. ஆனால் தயவுசெய்து ஒரு தரம் அவருக்குப் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நான் சொல்வது பிழையென்றால் மன்னிப்புக் கேட்கிறேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் சிரிப்புப் போய்விட்டது. குனிந்து காலுறையை இறக்கிப் பார்த்தார். சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். அதற்குப் பிறகு வரிசை என்று ஒன்று இருக்கவில்லை.

இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் மகனிடம் சொன்னாராம். மகன் வேலை உடுப்போடு ஓடிவந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "அப்பா எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை அக்கா, நாங்களும் கேட்கேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைவிட அவருக்குப் பத்து வயது கூட இருக்கும். அன்றைக்கு அக்கா என்றார்.

கட்டிடத்தில் செய்தி வேறு மாதிரிப் பரவியது. கால் தப்பியது ஒருவருக்கும் முக்கியமில்லை. மாட்டு டொக்டர் மனிதரைப் பார்த்ததுதான் முக்கியம். மாலைக் கிளினிக் ஒரே நாளில் மூடப்பட்டது. தலைச்சுற்று மாறியிருந்த புவனம் அன்ரி, மாட்டு வைத்தியம் என்று தெரிந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, மறுபடி தலைச்சுற்றை வரவழைத்துக்கொண்டார். லிஃப்ற்றில் ஒருவர் என்னைப் பார்த்து, கேட்கும்படியாகவே, "ம்மா..." என்றார். மலர் அக்கா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். புட்டு மட்டும் மேசையில் இருக்கும்; பக்கத்தில் அவள் இருக்கமாட்டாள்.

டொக்டர் மார்கரட்டிடம் நடந்ததைச் சொன்னேன். நாயொன்றின் பல்லைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "பயந்தாயா?" என்றார். ஓம் என்றேன். "நல்லது. பயப்படாதவர்களை நான் வேலைக்கு வைப்பதில்லை" என்று சொல்லி, அடுத்த நாயைப் பிடிக்கச் சொன்னார்.

ஆறாம் கிழமை, நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, பின்னேரம் கதவு தட்டப்பட்டது. அக்காதான் திறந்தாள். பொன்னம்பலம் அங்கிள், கைத்தடியோடு, பெரிய மருத்துவச் செருப்போடு நின்றார். அக்கா விலகவும் இல்லை, வாங்கோ என்று சொல்லவும் இல்லை. அவர் தானாகவே உள்ளே வந்து, சோபாவில் இருந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின்.

"ஆஸ்பத்திரியில காட்டித் தந்தவங்கள். நான் விளங்கின மாதிரித் தலையாட்டிப்போட்டு வந்திட்டன்" என்றார். "மகனிட்டக் கேட்க ஒரு மாதிரிக் கிடக்கு. நீர் சொல்லித்தாரும்."

விரலைத் துடைத்தேன். ஊசியைக் கண்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். கன்றுக்குட்டிக்குப் பிடிப்பது மாதிரி மணிக்கட்டை என் முழங்கையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, அவர் கண்ணை மூடும்வரை பார்த்திருந்து குத்தினேன்.

"மாட்டுக்கும் உப்பிடித்தானோ?"

"மாடு இவ்வளவு சத்தம் போடாது அங்கிள்."

மெஷின் எண்ணிக்கொண்டிருந்தது. இந்த நாட்டு அளவில் ஏழெட்டுக்குள் இருக்கவேண்டியது, பதினொன்று காட்டியது. கூடத்தான், ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததைவிட இறங்கியிருக்கிறது என்றேன். அவர் பேனையை எடுத்து, பெட்டியோடு வந்த சின்னக் கொப்பியில் நேரத்தையும் எண்ணையும் அஞ்சலக எழுத்தில் பதிந்தார்.

குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. விரலை நீட்டினாள்.

"எனக்கும் ஒருக்காப் பார். சும்மாதான். இந்த வருசம் தண்ணி விடாய்ச்சுக்கொண்டே கிடக்கு. இரவில நாலு தரம் எழும்புறன்."

புது ஊசி மாற்றிக் குத்தினேன். பத்தொன்பது காட்டியது. கையில் சீனி ஏதும் ஒட்டியிருக்கும் என்று கழுவச் சொல்லி, மற்றக் கை விரலில் மறுபடி பார்த்தேன். பத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

அக்கா எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அதற்குள் அங்கிள் கைத்தடியை ஊன்றி எழும்பிவிட்டார்.

"பிள்ளை மலர், செருப்பைப் போடும்" என்றார். "அந்தச் சந்தியில டொக்டர் எட்டு மணிவரை இருக்கிறார். நானும் வாறன்."